அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு

14-4-2025, திங்கள்

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. வடக்கு வாசலைப் பூட்டச் சொன்ன அறிவிப்பு மாலை 5.40-க்கு வந்ததாக எழுதியிருக்கிறேன். என் கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடுவதை இன்று காலை கைபேசியோடு ஒப்பிட்டபோதுதான் கண்டுகொண்டேன். எனவே அது 5.35. அதேபோல் பார்வையாளர் காலரி சரிந்தது 5.52 அல்ல, 5.47. இடையிலிருந்த பன்னிரண்டு நிமிடம் மட்டும் மாறவில்லை. கடிகாரத்தைச் சரிபார்க்காமல் போனது என் தவறு.

இப்படி எழுதிவிட்டு இளஞ்செழியன் பழைய நேரங்களின் மேல் ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடு இழுத்தான். பக்கத்தில் புதிய நேரத்தை எழுதி, சிறியதாகக் கையொப்பமும் போட்டான். தஞ்சாவூர் கீழவாசலில் அவன் படிக்கும் சுருக்கெழுத்து மாலை வகுப்பின் விதி அது. ரப்பர் கூடாது, வெள்ளை மை கூடாது. தவறு தவறாகத் தெரிய வேண்டும், திருத்தியவன் யாரென்றும் தெரிய வேண்டும். பேனா ஓடுகிறதா என்று பார்க்க எதையாவது கிறுக்கினால் அதையும் ஒரு கோட்டால் அடித்துவிட வேண்டும். வகுப்பில் இருபத்து மூன்று பேருக்கு இந்த விதி தெரியும். பின்பற்றியவன் அவன் ஒருவன்தான்.

பகலில் அவன் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தான். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று விவசாயிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பான். கொடுத்துவிட்டு, சரியாகத்தான் எழுதினோமா என்று தெருமுனைவரை அவர்களைத் துரத்திப் போய்ச் சீட்டை வாங்கிப் பார்ப்பான். அவனிடம் ஒரே ஒரு நீள நோட்டு இருந்தது. முன்பக்கத்திலிருந்து சுருக்கெழுத்துப் பயிற்சி, பின்பக்கத்திலிருந்து நாட்குறிப்பு.

ஞாயிற்றுக்கிழமை அலையாத்தூருக்கு அவன் கால்பந்தாட்டம் பார்க்கப் போகவில்லை. பயிற்சிக்குப் போனான். அது வகுப்புத் தோழி ஷமீராவின் யோசனை.

"எங்க ஊரு செவன்ஸ் மேட்ச்சுக்கு வாங்க செழியன். மைக்ல கமென்ட்ரி சொல்றவரு மூச்சே விடமாட்டாரு. அவரப் புடிச்சிட்டீங்கன்னா ஹை ஸ்பீடு பரீட்சையெல்லாம் ஒங்களுக்குத் தூசு."

ஷமீராவின் தம்பி ஃபஹத் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்து அவனை அழைத்துப் போனான். ஒலிபெருக்கிக்கு நேரெதிரே தெற்குப் பக்கத்து மண்மேட்டில் உட்காரவைத்தான். ரம்ஜான் பெருநாள் கழித்து வைக்கும் ஆறு நோன்பில் அன்று ஃபஹத்துக்கு நாலாவது. கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பேரீச்சம்பழப் பொட்டலமும் வைத்திருந்தான். இளஞ்செழியனிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, சிநேகிதர்களோடு வடக்குக் காலரியில் ஏறப் போனான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தலைமை விருந்தினர் வந்தார். அவரோடு ஏழு கார்கள் வந்தன. வடக்கு வாசலில் ஜனங்கள் வந்து போய்க்கொண்டிருந்தால் ஏழு கார்களைத் திருப்ப முடியாது. கமென்ட்ரிக்காரர் மூச்சு விடாமல் ஆட்டத்தின் நடுவிலேயே அதையும் சொன்னார்: "வடக்கு வாசல் பொறுப்பாளர் உடனடியாக வாசலைப் பூட்டும்படி காவல் துறை கேட்டுக்கொள்கிறது, தலைமை விருந்தினரின் வாகனங்கள் நிற்க இடம் தேவைப்படுகிறது, பந்து இப்போது இடது ஓரத்தில்."

இளஞ்செழியன் ஒரு சொல் விடாமல் எடுத்தான். அதுவரை அவன் எடுத்ததில் ஆகச் சிறந்த பத்தி அது.

வெளியே போக முடியாதவர்கள் காலரியிலேயே ஏறி நின்றார்கள். சவுக்குக் கழியைக் கயிறு போட்டுக் கட்டிய காலரி பன்னிரண்டு நிமிடம் தாங்கியது. விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பூட்டிய வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். சாவி வைத்திருந்தவர் தலைமை விருந்தினருக்குப் பொன்னாடை போடப் போயிருந்தார். ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அதில் ஃபஹத்தும் ஒருவன்.

செவ்வாய்க்கிழமை 'அந்திச்சேதி' பத்திரிகையின் முதல் பக்கத்தில் இப்படி வந்தது: "கையில் பாட்டில், காலில் தள்ளாட்டம்! காலரி சரிந்தது இப்படித்தான்." அதன் கீழே, "நேரில் கண்ட நமது செய்தியாளர் பிரபு."

பிரபுவும் அதே மாலை வகுப்புதான். வேகம் நிமிடத்துக்கு அறுபது சொல்லைத் தாண்டாது. ஆறு மாதத்துக்கு முன் 'அந்திச்சேதி'யில் செய்தியாளர் வேலைக்கு இரண்டு பேருமே போனார்கள். சாலை விபத்து ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இளஞ்செழியன் விபத்து நடந்த இடத்துக்கே போய்வந்து, நாலு திருத்தங்களுக்கும் கையொப்பம் போட்டுக் கொடுத்தான். பிரபு உட்கார்ந்த இடத்திலேயே ஒரு திருத்தம்கூட இல்லாமல் எழுதிக் கொடுத்தான். வேலை பிரபுவுக்குக் கிடைத்தது. பத்திரிகையில் அவன் பெயர் வரும் நாட்களில் இளஞ்செழியன் அந்தப் பக்கத்தைப் பிரித்து, மடித்து, மறுபடி பிரித்துப் பார்ப்பான்.

அன்றைய நாட்குறிப்பில் இளஞ்செழியன் எழுதினான்: 'முதலில் பெயரைப் பார்த்தேன். கொட்டை எழுத்து. வயிறு எரிந்தது. அதற்குப் பிறகுதான் செய்தியைப் படித்தேன். வரிசை மாறியிருக்க வேண்டும். என் தவறு.'

மாலையில் வகுப்புக்குக் கீழே இருந்த டீக்கடையில் பிரபுவைப் பிடித்தான்.

"நீ அங்க இல்லையேடா. திருவையாத்துல ஒங்க அக்கா மகளுக்குக் காதுகுத்துன்னு ஸ்டேட்டஸ் போட்டிருந்த."

"ஆமா. கறி அருமை. அங்கேருந்தே போன் போட்டு எஸ்.ஐ.கிட்ட கேட்டேன். அவரு நேர்ல கண்டவரு. அவரு கண்டா நான் கண்ட மாதிரி."

"பாட்டில்னு எழுதிருக்க. அது தண்ணி பாட்டில்டா."

"பாட்டில்னுதான்டா எழுதினேன். அதுல ஒரு எழுத்து பொய்யின்னு சொல்லு பாப்போம். உள்ள என்னன்னு நான் எழுதவே இல்ல. படிக்கிறவன் அவனவன் ருசிக்கு ஊத்திக்கிட்டான்." பிரபு டீயை ஓர் ஆற்று ஆற்றினான். "மாப்ள, ஒனக்குப் பொறாம."

இளஞ்செழியன் யோசித்தான். இரண்டு மடக்கு டீ குடிக்கும் நேரம் யோசித்தான்.

"ஆமா," என்றான்.

பிரபு இதை எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு டீ புரைக்கேறியது.

அடுத்த ஞாயிறு இளஞ்செழியன் அலையாத்தூரில் ஷமீராவின் வீட்டுக்குப் போனான். ஷமீராவின் உம்மா ஷம்சாத் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பத்திரிகையை அவர் கண்ணில் காட்டவில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையணை உறைக்குள் அது இருந்தது.

"அந்த பாட்டிலு சீல் ஒடைக்காமத்தான் இருந்துச்சாம் தம்பி. கூட இருந்த புள்ளைங்க சொல்றாங்க. போலீசு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அத ஒருத்தராச்சும் தொறந்து மோந்து பாத்தாங்களா?"

இளஞ்செழியன் அந்தக் கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டான்.

"குடிச்சிட்டுச் செத்தான்னு ஊரு பூரா போயிருச்சு. ஆறுதல் சொல்ல வர்றவங்ககூட மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தம்பி. எம்புள்ள நோன்போட போனான்னு ஒரு காயிதத்துல வந்தாப் போதும்."

வாசல்வரை வந்த ஷமீரா கேட்டாள்: "கமிஷன் வைக்கப் போறாங்களாம். நீங்கதான் மைக்ல சொன்னதெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களே. காட்டுவீங்களா?"

"அதுல ஒரு பிழை இருக்கு ஷமீரா."

"என்ன பிழை?"

"அஞ்சு நிமிஷம்."

"என் தம்பிக்கு இருபத்தோரு வயசு. அஞ்சு நிமிஷம் பரவால்ல, வாங்க."

ஒரு நபர் விசாரணை ஆணையம் ஜூலையில் கூடியது. அந்த ஒரு நபர், வருவாய்த் துறையிலிருந்து ஓய்வுபெற்ற இராஜாங்கம். தஞ்சாவூரின் வெளிவட்டச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இடம் கிடைத்தது. தலைவரின் தகுதிக்கேற்ற நாற்காலி தேடினார்கள், மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிதான் அகப்பட்டது. அவர் அதில் பாதியில் உட்கார்ந்தார். மறுபாதியில் கோப்புகள் இருந்தன. பின்னால் தெர்மாகோல் எழுத்தில் 'பஞ்சநதம் – விஜயலட்சுமி' என்று யாருக்கோ நடந்த கல்யாணத்தின் பெயர்கள். இரண்டு நாள் விசாரணையும் அந்தப் பெயர்களின் கீழேயே நடந்தது.

அதற்கு முன், முதல் நாள் காலையில் அலையாத்தூர் மைதானத்தில் நேரடி ஆய்வு. வடக்கு வாசல் இருந்த இடத்தில் ஒரு சுவர் நின்றது. இராஜாங்கம் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே உதவியாளருக்குச் சொன்னார்: "வடக்குப் பக்கம் வாசல் ஏதும் காணப்படவில்லை. போட்டுக்க."

மண்டபத்துக்குத் திரும்பியதும் விசாரணை தொடங்கியது. காவல் துறை மூன்று அறிக்கைகள் தந்திருந்தது. ஏப்ரல் அறிக்கையில் வாசல் திறந்திருந்தது. மே அறிக்கையில், காலரி சரிந்த பிறகு பொதுமக்கள் பாதுகாப்புக்காக 5.55-க்குப் பூட்டப்பட்டது. ஜூன் அறிக்கையில் அங்கே வாசலே கிடையாது. முரணாக இருக்கிறதே என்று ஷமீரா எழுந்து கேட்டாள்.

"எங்கம்மா முரண்? முதல்ல திறந்திருந்தது, அப்புறம் பூட்டினாங்க, இப்ப இல்ல. வரிசையாத்தானே போகுது?" என்றார் இராஜாங்கம்.

காலரியின் பலம் பற்றிச் சாட்சி சொல்ல, நெல் சேமிப்புக் கிடங்கில் முப்பது வருடம் இருந்த ஒரு நிபுணர் வந்தார். சதுர அடிக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கில்தான் காலரிக்கு அனுமதி தரப்பட்டது என்று விளக்கினார். "மூட்டைக்கு நாப்பது கிலோங்க ஐயா. நான் அடுக்கின அட்டி இதுவரைக்கும் சாஞ்சதில்ல. ஏன்னா மூட்டை எந்திரிச்சு நிக்காது, கோல் விழுந்தா குதிக்காது. இவங்க குதிச்சிருக்காங்க." தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம் என்பது அவருடைய தாழ்மையான கருத்து.

அடுத்து நான்காவது சான்றுப் பொருள். அரக்கு வைத்து மூடிய துணிப் பைக்குள் 'பாட்டில் ஒன்று'.

"அதத் தொறந்து பாருங்க ஐயா," என்றாள் ஷமீரா. "தண்ணிதான் இருக்கும். சீல் போட்டபடி இருக்கும். அவன் அன்னிக்கு நோன்பு."

இராஜாங்கம் பரிவோடு தலையாட்டினார். "பிரிச்சுட்டா அது சான்றுப் பொருளா இருக்காதும்மா. வெறும் பாட்டிலாயிடும். ஆனா நீங்க சொன்னதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. நோன்புன்னா நாள் முழுக்கத் தண்ணி குடிக்கல. குடிக்கலன்னா தலை சுத்தும். சுத்தினா தள்ளாடுவார். ஆக, தள்ளாட்டம்னு பத்திரிகையில வந்தது குடும்பத்தார் வாக்குமூலத்தாலயே உறுதியாகுது." முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிரபு அதைக் குறித்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் இளஞ்செழியனின் முறை. முதலில் காவல் துறையின் பொதுப் பதிவேட்டை அவனிடம் காட்டினார்கள். அதை அவன் ஒவ்வொரு பக்கமாக மெல்லப் புரட்டினான். அத்தனை அழகு. நாற்பது பக்கம், ஒரே மை, முத்து கோத்தது போல ஒரே கை. மூன்று ஷிப்டு காவலர்களும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். ஒரு இடத்தில்கூட அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அவனுக்கு அந்தக் கையெழுத்தின் மேல் பொறாமை வந்தது. பிறகுதான் படித்தான்.

"ஐயா, இதுல 5.10-க்கு, 'பின்னர் இறந்துபோன ஒன்பது பேரும் போதையில் காலரியில் ஏறினர்'னு இருக்குங்க. அஞ்சு பத்துக்கு யாரு சாகப்போறாங்கன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குப் பேர்தான் தம்பி முன்கூட்டியே செயல்படுறது. காவல் துறைக்கு அது ஒரு பெருமை." இராஜாங்கம் பதிவேட்டை மூடிவிட்டு இளஞ்செழியனின் நோட்டைக் கையில் எடுத்தார். சுருக்கெழுத்து அவருக்குப் புரியாது. இளஞ்செழியன் தட்டச்சு செய்து கொடுத்த பிரதி பக்கத்தில் இருந்தது. அவர் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினார்.

"'கடிகாரத்தைச் சரிபார்க்காமல் போனது என் தவறு.' இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க ஐயா."

"'வயிறு எரிந்தது.' இது?"

"அதுவும் நான்தாங்க."

"யார் மேல எரிஞ்சது?"

"பிரபு மேலங்க. அவன் பேரு பேப்பர்ல வந்துச்சு."

மண்டபம் சிரித்தது. பிரபு எழுந்து எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டான்.

"அந்தப் பொறாமையிலதான் வாசலப் பூட்டச் சொன்னாங்கன்னு எழுதினீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

இளஞ்செழியன் நிஜமாகவே யோசித்தான். தன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது சரியாக இருக்குமோ என்று ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவது அவன் வழக்கம்.

"இல்லீங்க ஐயா. பொறாம வந்தது செவ்வாய்க்கிழம. வாசலப் பூட்டினது ஞாயித்துக்கிழம."

"நாளையும் நேரத்தையும் நீங்க சொல்லி நாங்க எப்படி நம்புறது? ஒங்க கடிகாரமே தப்புன்னு நீங்கதானே எழுதிருக்கீங்க?" இராஜாங்கம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். கோப்புகள் சரிந்தன. "தம்பி, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. தவறை ஒத்துக்கிறது உயர்ந்த குணம். ஆனா அது தனி மனுஷங்களுக்கு. வசதியில்லாதவங்களுக்கு அது ஒரு ஆறுதல். அரசாங்கம் அந்த அளவுக்கு எறங்கிப் போகக் கூடாது. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு ஃபைல்லகூடத் திருத்தம் போட்டதில்ல. தப்பா இருந்தா ஃபைலையே மாத்திடுவோம். பிழையை ஒத்துக்கிற நோட்டு ஒரு பக்கம், பிழையே இல்லாத பதிவேடு ஒரு பக்கம். நான் எதை நம்புறது? நீங்களே சொல்லுங்க."

இளஞ்செழியனுக்கு ஒரு கணம் பதிவேட்டை நம்பலாம் என்றே தோன்றியது.

அன்று பிற்பகலே ஆணையம் தன் முடிவுகளை வாசித்து முடித்தது. ரசிகர்கள் போதையிலோ போதை போன்ற நிலையிலோ குதித்ததால் விபத்து நேர்ந்தது. இனிமேல் ரசிகர்களுக்கு உட்காரும் பயிற்சி தர வேண்டும். காவல் துறையின் பதிவேடு மற்ற மாவட்டங்களுக்கு முன்மாதிரியாக அனுப்பப்பட வேண்டும். அதே மேடையில், பதற்றம் பரவாமல் பொறுப்போடு எழுதியதற்காகப் பிரபுவுக்கு ஒரு கேடயமும் கொடுத்தார்கள். கேடயத்தில் கால்பந்து ஒன்று பொறித்திருந்தது.

மண்டபத்துக்கு வெளியே டீக்கடையில் பிரபு கேடயத்தை மேசைமேல் வைத்தான்.

"எடிட்டர் ஒன்னயப் பத்திக் கேட்டாருடா. மைதானத்துல உக்காந்து சுருக்கெழுத்து எடுத்தவன்னா ஜனங்க விரும்பிப் படிப்பாங்களாம். வாரா வாரம் தொடர். ஒம்பேரு, கொட்டை எழுத்துல. அந்த வாசல் பத்தி மட்டும் வேணாம், மத்ததெல்லாம் ஒன் இஷ்டம்."

இளஞ்செழியன் தன் பெயரை அந்த எழுத்தில் போட்டுப் பார்த்தான். இ கொஞ்சம் அகலமாக வரும். ஒரே வரியில் அடங்கும். நன்றாகத்தான் இருந்தது. அவன் பார்த்து முடிப்பதற்குள் டீயில் ஆடை படிந்துவிட்டது.

"அந்தப் பத்திதான்டா நான் எடுத்ததுலயே நல்லா வந்தது," என்றான் கடைசியில். "அத விட்டுட்டு மிச்சத்துக்கு எம்பேரு போட முடியாது."

பிரபு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ அங்க இருந்தடா," என்றான் திடீரென்று. "நான் கறிச்சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். ஷீல்டு வாங்கியாச்சு, இருந்தும் அத நெனச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது." சொல்லிவிட்டு, கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான்.

அவன் போன பிறகு ஷமீரா வந்து எதிரே உட்கார்ந்தாள். "உம்மா போன் பண்ணாங்க. காயிதத்துல வந்துருச்சான்னு கேட்டாங்க. அடுத்த தடவ எடுத்தா என்ன சொல்ல?"

ஷமீரா நோட்டை இழுத்து முன்பக்கத்தைப் புரட்டினாள். அந்த மண்டபத்துக்கு வந்திருந்தவர்களில் சுருக்கெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் அவனையும் பிரபுவையும் விட்டால் அவள் மட்டும்தான். 13-4 என்று தேதி போட்ட பக்கத்தில் அவள் விரல் முதல் வரியில் நின்றது. அந்த வரியின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தது. நீங்கள் தட்டச்சு செய்த பிரதியில் அது இல்லையே என்றாள்.

"அது பேனா ஓடுதான்னு பாக்க எழுதினது. ஒங்க தம்பி அப்பத்தான் எதையோ சொல்லிட்டுப் போனாரு, அதையே எழுதிப் பாத்தேன். பேனா பாக்க எழுதினா அடிச்சிடணும். பிரதியில சேக்கக் கூடாது. வகுப்பு விதி."

ஷமீரா கோட்டுக்கு அடியிலிருந்ததை மெல்ல வாசித்தாள்.

"'ஆறரைக்கு நோன்பு தொறந்துட்டு வரேண்ணே. தண்ணி இன்னும் தொறக்கல, பழமும் இருக்கு. ஒங்களுக்குப் பாதி.'"

மறுபடி வாசித்தாள். மூன்றாம் முறை வாசிக்க அவளால் முடியவில்லை. அவளுக்குக் கோபம் வரும் என்று இளஞ்செழியன் காத்திருந்தான். அவள் கையை நீட்டி அவனுடைய கைக்கடிகாரத்தைத் திருப்பி மணி பார்த்தாள்.

"இப்ப சரியா ஓடுதா இது?"

"இப்ப சரியா இருக்கு."

"அப்ப கடைசி பஸ்ஸுக்குள்ள உம்மாகிட்ட போயிடறேன். இதப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க காயிதத்தோட வாங்க. கீழ ஒங்க பேரு இருக்கணும்."

8-7-2025, செவ்வாய்

13-4 பக்கத்தின் முதல் வரியை அடித்தது என் தவறு. அதைப் பிரதியில் சேர்க்காமல் ஆணையத்துக்குக் கொடுத்தது அதைவிடப் பெரிய தவறு. கேடயத்தைப் பார்த்தபோது மறுபடியும் வயிறு எரிந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

நாளை: உரக்கடையில் அரை நாள் லீவு சொல்ல வேண்டும். 13-4 பக்கத்தை முதல் வரியிலிருந்து தட்டச்சு செய்து ஒன்பது பிரதி எடுக்க வேண்டும், இறந்தவர்களின் வீட்டுக்கு ஒன்றாக. 5.40, 5.35 இரண்டு நேரமும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் முழுப்பெயர், முகவரி, கையொப்பம். மதியம் பட்டுக்கோட்டை பேருந்து, அங்கே இறங்கி அலையாத்தூருக்கு மாற வேண்டும். முதல் வீடு ஷம்சாத் அம்மா வீடு.